உப்புக்காற்று ஊரில் தேய்ந்த மவுஸ் பேடைச் சரிசெய்வது எப்படி

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக் கார்டு, ஃபிளெக்ஸ் டிசைன் செய்து கொடுக்கிறேன். காலையில் மவுஸைப் பிடித்தால் விளக்கு வைத்த பிறகும் கை அதன் மேல்தான் இருக்கும். மேசையை மூடுகிற மாதிரி 90 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள துணி மவுஸ் பேட் ஒன்று வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது. கை படும் இடம் வழவழவென்று பளபளத்தது. அடி ரப்பர் மேசையில் வழுக்க ஆரம்பித்தது.

அதைச் சரிசெய்யப் போய் மொத்தமாகக் கெடுத்துவிட்டேன். அடுத்து வாங்கிய பேடுக்கும் அதே கதி வந்தபோதுதான் பொறுமையாகக் கற்றுக்கொண்டு காப்பாற்றினேன். நான் தேடிப் படித்த யோசனைகள் எல்லாம் காய்ந்த காற்று வீசும் ஊர்க்காரர்கள் சொன்னவை. "கழுவி ஒரு ராத்திரி காயவிடுங்கள்" என்பார்கள். மண்டபத்திலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் ஒரு ராத்திரியில் என்ன காயும்? அதனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன்.

1. கோளாறு பேடில்தானா என்று பாருங்கள்

ஆப்டிகல் மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டி கேமரா. வெளிச்சத்தை அடித்து, பரப்பில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அம்புக்குறியை நகர்த்தும். துணி தேய்ந்து மினுமினுப்பாகிவிட்டால் படத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அம்புக்குறி குதிக்கும், அல்லது இழுத்துக்கொண்டு நிற்கும்.

பேடின் மேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து அதில் மவுஸை ஓட்டுங்கள். அம்புக்குறி சீராக ஓடினால் கோளாறு பேடில். அப்போதும் குதித்தால் கோளாறு மவுஸில். மவுஸைத் திருப்பி, கண்ணாடித் துளையைக் காய்ந்த காது பட்ஸால் துடையுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பாதங்களைச் சுற்றி அழுக்கு வளையம் கட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள். நம் பக்கத்தில் ஆடி மாதக் கச்சான் காற்றில் பறந்து வரும் நைஸ் மணல் அந்தப் பாதங்களில்தான் போய் ஒட்டும். அது பேடை உப்புக்காகிதம் போல ராவிவிடும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் பேடைப் பிரித்துப் போட்டு வீணாகாதீர்கள்.

2. பில்லை எடுத்து வையுங்கள்

ஊசியோ பசையோ தொடும் முன் பில்லைத் தேடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் உங்கள் கணக்கில் பழைய ஆர்டரைத் திறந்து, ஜிஎஸ்டி எண் போட்ட இன்வாய்ஸை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டி இருந்தால் அதில் அச்சிட்ட மாடல் எண்ணையும் வாரண்டிக் காலத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத் தையல் பிரிந்த இடம், துணி ரப்பரை விட்டு எழும்பிய இடம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கிச் சில வாரங்களிலேயே ஓரம் பிரிந்தால் அது தயாரிப்புக் குறை, மாற்றிக் கேட்கலாம். நீங்கள் ஒரு தையல் போட்டுவிட்டாலோ பசை தடவிவிட்டாலோ "நீங்களே கை வைத்துவிட்டீர்கள்" என்று விற்றவர் கைவிரிக்க வழி கிடைத்துவிடும். வாரண்டி உள்ளபோதே விற்றவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில் கையில் இருந்தால்தான் அங்கே பேசுவதில் பயன் உண்டு.

நாள் பட்ட தேய்மானத்துக்கு எந்த வாரண்டியும் வராது. ஒரு வருடம் உழைத்துத் தேய்ந்திருந்தால் பில்லை மறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. தகுமா, தகாதா

கைக்குட்டை அளவு சின்ன பேட் என்றால் கழுவிப் பாருங்கள், அவ்வளவுதான். அதற்கு நூலும் பசையும் வாங்கும் காசில் புதிதே வந்துவிடும். மேசை அளவு பேடுக்குத்தான் இந்த மெனக்கெடல் தகும். நான் வாங்கியது 650 ரூபாய். சரிசெய்ய எனக்கு ஆனது 200 ரூபாய்க்குள்.

அடி ரப்பரை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, பிசுபிசுவென்று விரலில் கறுப்பாக ஒட்டினாலோ ரப்பர் செத்துவிட்டது. அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது, தூக்கிப் போடுங்கள். மணிக்கட்டு வைக்கும் ஜெல் மெத்தை கிழிந்து ஒழுகினாலும் அப்படித்தான். விளக்கு எரியும் பேடு, யுஎஸ்பி வயர் உள்ளது என்றால் தண்ணீரில் முக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

4. கழுவுங்கள், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்

பாதிப் பேடுகள் தேய்ந்ததே இல்லை, அழுக்கேறியவை. வியர்வை, எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து நூலிடுக்கில் படிந்து பளபளப்பைக் கொடுக்கும். கழுவிய பிறகுதான் உண்மையான தேய்மானம் எவ்வளவு என்று தெரியும். கழுவாமல் பசை தடவினால் பசை அழுக்கில் ஒட்டும், பேடில் ஒட்டாது.

தேவையானவை: பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு தேக்கரண்டி, பழைய மென்மையான பிரஷ், அகலமான டப். சோப்புக் கட்டி வேண்டாம். எங்கள் வீட்டு அடிபம்புத் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு நுரைக்காது. வெள்ளையாகத் திரிதிரியாகத் திரண்டு நூலுக்குள் போய் உட்காரும். அப்புறம் அதை எடுக்க முடியாது. லிக்விட் அந்தத் தண்ணீரிலும் வேலை செய்யும்.

தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்கட்டும். நான் முதல் முறை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். துணியையும் ரப்பரையும் சேர்த்துப் பிடித்திருந்த பசை இளகி, நடுவில் அப்பளம் போல உப்பிவிட்டது. ஊறவே வைக்க வேண்டாம். தரையில் விரித்து, லிக்விட் கலந்த தண்ணீரைத் தெளித்து, நூலோடும் வாக்கில் பிரஷால் லேசாகத் தேய்த்தால் போதும். பிரிந்த ஓரங்களில் பிரஷ் போடாதீர்கள், விரல் நுனியால் துடையுங்கள்.

அலச அடிபம்புத் தண்ணீரே போதும், கடைசி ஒரு முறை தவிர. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்க வாங்கும் கேனில் மூன்று நான்கு லிட்டர் செலவழியுங்கள். குடிதண்ணீரை இதற்கா என்று மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் உப்பு நூலிடுக்கில் தங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி சாயங்காலம் நசநசப்பது அதனால்தான். பேடில் உப்பு இருந்தால் பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்ததும் மறுபடி ஈரமாகும். பிறகு பூஞ்சை வாடை வரும்.

5. காயவைப்பதுதான் நம் ஊரில் பாதி வேலை

பிழியாதீர்கள். பிழிந்தால் ரப்பரில் மடிப்பு விழும், அது போகவே போகாது. ஒரு பெரிய துண்டை விரித்து, அதன் மேல் பேடை வைத்து, பாய் சுருட்டுவது போலச் சேர்த்துச் சுருட்டி, மேலே கால் வைத்து மெல்ல அழுத்துங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். இரண்டாவது துண்டில் இன்னொரு முறை.

கொடியில் தொங்கவிடவும் கூடாது. தண்ணீர் குடித்த ரப்பர் தன் பாரத்தாலேயே இழுபட்டு, கொடி பட்ட இடத்தில் வரி விழும். மொட்டை மாடி வெயிலும் ஆகாது. ஒரே மதியத்தில் என் முதல் பேடு நாலு மூலையும் மேலே சுருண்டு எழும்பிவிட்டது. இஸ்திரிப் பெட்டியால் நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரப்பர் கருகும்.

நான் செய்வது இது: இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பழைய மீன்வலைத் துண்டை இழுத்துக் கட்டி, அதன் மேல் பேடைப் படுக்க வைப்பேன். மேலும் கீழும் காற்று போகும், ஃபேன் ஓடும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதுவே போதும். ரப்பர் பக்கம் முதலில் மேலே, அரை நாள் கழித்துத் திருப்பிப் போடுங்கள்.

பங்குனி, சித்திரையில் ஒன்றரை நாள். ஆடியில் சீக்கிரம் காயும், ஆனால் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், மணல் வந்து விழும். ஐப்பசி, கார்த்திகை வாடையில் எனக்கு நாலு நாள் ஆனது. முடிந்தால் அந்த இரண்டு மாதமும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள். மடித்த செய்தித்தாளை மேலே வைத்து, அதன் மேல் கனமான புத்தகம் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தாள் மொடமொடவென்று இருந்தால் காய்ந்தது. துவண்டு இருந்தால் இன்னும் ஒரு நாள்.

6. எந்தப் பசை, எந்த நேரத்தில்

ஒரு சொட்டில் ஒட்டும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி போல விறைத்துவிடும், பேடு வளையும்போது உடையும். உடைந்த முனை மணிக்கட்டைக் கீறும். பருத்தித் துணியில் பட்டால் சுரீரென்று சூடேறி விரலையே சுடும். அதைப் பஞ்சால் துடைக்கப் போய் எனக்குக் கொப்புளம் வந்தது. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையும் சரிவராது, ஈரம் பட்டால் திரும்ப இளகும்.

வேண்டியது ரப்பர் பசை. ஹார்டுவேர் கடையில் ஃபெவிபாண்ட் டியூப் கேளுங்கள். இல்லையென்றால் செருப்புத் தைக்கிறவரிடம் அவர் பயன்படுத்தும் சொல்யூஷனே கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

காலையில் ஒட்டாதீர்கள், மழை மூட்டத்திலும் வேண்டாம். பசையில் உள்ள திரவம் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பனித்துளி போலத் தண்ணீர் அதன் மேல் படியும். கண்ணுக்கு வெள்ளைப் படலமாகத் தெரியும். அந்தப் படலம் வந்த பசை பிடிக்காது. எனக்கு முதல் இரண்டு முறை பசை விட்டதற்கு இதுதான் காரணம், நான் டியூப் பழசு என்று நினைத்துப் புதிது வாங்கினேன். பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் ஒட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ கொசுவத்தியோ எரியக் கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும், தலையும் வலிக்கும்.

7. நடுவில் வழவழத்த இடம்

முதலில் காசில்லாத வழி: பேடை அப்படியே 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். இடது பக்கம் கீபோர்டுக்கு அடியில் தேயாமல் கிடந்த துணி வலது கைக்கு வந்துவிடும். படம் தலைகீழாகத் தெரியும், அதனால் என்ன? எனக்கு இதிலேயே எட்டு மாதம் ஓடியது.

இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் மேலே புதுத் துணி போடலாம். ஓரத் தையலுக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். பள்ளிச் சீருடை பேண்டுக்கு எடுக்கும் டெரிகாட்டன் நன்றாக உழைக்கிறது. நெருக்கமான நெசவு, வழுக்கும், மினுங்காது. சாட்டின் மினுங்கும், மவுஸ் தடுமாறும். கைலித் துணி வியர்வையைக் குடித்துச் சுருங்கும்.

தேய்ந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஒட்டுப் போடாதீர்கள், மவுஸ் ஒவ்வொரு முறையும் விளிம்பில் இடறும். வலது பக்கம் முழுவதையும் மூடி, துணியின் விளிம்பு கீபோர்டுக்கு அடியில் மறைகிற மாதிரி வெட்டுங்கள். வெளி ஓரங்களில் இரண்டு செ.மீ. கூடுதலாக விடுங்கள். துணியில் பசை மிக மெல்லிசாக இருக்கட்டும், அதிகமானால் மேலே ஊறி வந்து கறை கட்டும்.

ரப்பர் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் பசை பதமானதும் பேடின் மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் துணியை நேராக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பசை தாளில் ஒட்டாது. ஒரு ஓரத்திலிருந்து தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே, பூரிக்கட்டையால் துணியை உருட்டி அழுத்துங்கள். இதற்கு இன்னொருவர் கை வேண்டும், தனியாகச் செய்தால் கோணும். காற்றுக் குமிழ் தெரிந்தால் ஊசியால் குத்தி அழுத்திவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத் துணியை வெட்டுங்கள்.

8. ஓரம் பிரிந்தால்

நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுக்கத்தான் கை போகும். நான் இழுத்துக்கொண்டிருந்ததை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இழுக்காதய்யா, இழுத்தா சரசரன்னு ஓடிரும். மொதல்ல ஒட்ட வெட்டு. நூலுக்கு மெழுகு போட்டியா?" அந்த மூன்று வாக்கியத்தில்தான் என் இரண்டாவது பேடு பிழைத்தது.

பிரிந்த நூல்களைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுங்கள். லைட்டரால் பொசுக்க வேண்டாம், பாலியஸ்டர் உருகிக் கட்டியாகும், ரப்பரும் பற்றும். துணி ரப்பரை விட்டு எழும்பிய இடங்களில் தீக்குச்சி முனையால் பசையை உள்ளே விட்டு, பதமானதும் சேர்த்து, பாலிதீன் துண்டை மேலும் கீழும் வைத்துத் துணி கிளிப் மாட்டுங்கள். பாலிதீன் இல்லாவிட்டால் கிளிப்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது தையல். பட்டன் ஓட்டைக்குக் கையால் போடுவார்களே, அந்தத் தையல்தான். ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் உள்ளே ஊசியைக் குத்தி, அடியில் எடுத்து, விளிம்பில் விழும் வளையத்துக்குள் நூலைக் கோர்த்து இழுக்க வேண்டும். அடுத்த குத்து நாலு மில்லிமீட்டர் தள்ளி. பேடின் சுற்றளவைப் போல நாலு மடங்கு நூல் செலவாகும். 90க்கு 40 பேடு என்றால் சுற்றளவு 260 செ.மீ., ஆகப் பத்தரை மீட்டர். ஒரே நூலாக எடுத்தால் சிக்கும், ஒன்றரை மீட்டராக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். தடித்த பாலியஸ்டர் நூல் நல்லது. நூலை மெழுகுவத்தியில் இரண்டு முறை இழுத்தால் ரப்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். ஊசியை ரப்பர் கவ்விக்கொள்ளும்போது பல்லால் இழுக்காமல் சின்னக் குறடால் இழுங்கள். மிக முக்கியமானது, நூலை இறுக்காதீர்கள். இறுக்கினால் ஓரம் அலை அலையாக எழும்பி, மணிக்கட்டை அறுக்கும். படிந்தால் போதும். முடிச்சு எப்போதும் அடிப்பக்கம்.

எனக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது. தையல் கடையில் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். ஓவர்லாக் மிஷினில் ரப்பர் நகராது, ஊசி முறியும் என்று நான் கேட்ட இரண்டு கடையிலும் மறுத்துவிட்டார்கள். செருப்புத் தைக்கிறவர் தைத்துத் தருவார், ஆனால் அவருடைய தடித்த நூல் கையில் உறுத்தும். கை படாத தூர ஓரத்துக்கு மட்டும் கொடுக்கலாம்.

9. அடி வழுக்கினால்

கழுவியதிலேயே பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். வராவிட்டால் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் ஒரு துண்டும் பஞ்சர் சொல்யூஷனும் வாங்குங்கள். ட்யூபை நாலு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, உப்புக்காகிதத்தால் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, நாலு மூலையிலும் நடுவிலும் ஒட்டுங்கள். தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைக்காதீர்கள், ரப்பர் ஊதிப் போகும். மேசை வெள்ளை பெயிண்ட் அடித்ததாக இருந்தால் ட்யூப் ரப்பர் கறை பிடிக்கும். அங்கே பழைய நாட்காட்டித் தாளை விரித்து அதன் மேல் பேடைப் போடுங்கள்.

10. செலவும் நாளும்

எனக்கு ஆனது: பசை டியூப் 40 ரூபாய், நூல் 25, ஊசிப் பாக்கெட் 10, அரை மீட்டர் டெரிகாட்டன் 80, ட்யூபும் சொல்யூஷனும் 30. மொத்தம் 185. கடைக்குக் கடை ஐந்து பத்து மாறும்.

நாள் கணக்கு இப்படி: வியாழன் சாயங்காலம் கழுவினால் சனி மதியம் துணியும் ஓரமும் ஒட்டலாம். ஞாயிறு மதியம் மிச்சத்தை வெட்டி, ஞாயிறும் திங்களும் சாயங்காலம் தையல். செவ்வாய் மதியம் அடி ட்யூப், புதன் மதியம் மேசைக்கு. இது கோடைக்கான கணக்கு. முகூர்த்த மாதத்தில் என்னைப் போலப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். பேடு இல்லாத நாட்களில் மவுஸ் ஓட்டுவதற்குத் தடித்த பைண்டிங் நோட்டின் மேல் அட்டையே போதும், பளபள லேமினேஷன் இல்லாததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பேடு மேசைக்கு வந்த பிறகு, ராத்திரி வேலை முடிந்ததும் அதன் மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் துண்டை வாசலில் உதறினால் மணல் உதிர்கிறது.